மேலை ஏச்சு, கீழை அடி

உதிலை இரும் தம்பி, ஒருத்தரும் இல்லை. தமிழ்தானே? கண்ட உடனை தெரிஞ்சுது. பல்லு டொக்டர் இண்டைக்குப் பிந்தும். உள்ளுக்கு ஒரு கிழவன் அரை மணித்தியாலமா முனகிக்கொண்டு கிடக்கிறான். கேக்குதே?

என்ரை வாயைத்தானே பாக்கிறீர். பாரும், பாத்தால் குறைஞ்சே போகும். மேல் வரிசையிலை ரண்டு, கீழை ஒண்டிலை பாதி. தோளிலை காறை எலும்பும் முறிஞ்சது, அது பொருந்தீட்டுது. எல்லாம் ஒரே அடி தம்பி. ஒரு அடிக்கு நாலு சாமான். அடிச்சது என்ரை சொந்த அத்தான், அக்கான்ரை புருசன். கையாலை எண்டால் பரவாயில்லை. ஸ்கீயாலை. பனியிலை சறுக்கிற நீளப் பலகை, விளிம்பிலை இரும்புத் தகடு வைச்சிருப்பாங்கள். அந்தத் தகட்டாலை.

நான் என்ன செய்தனான் எண்டு கேக்கப் போறீர். எல்லாரும் அதைத்தான் கேக்கினம். நான் அந்த மனிசனுக்கு உதவி செய்தனான்.

என்ரை பேர் குகதாசன். குகன் எண்டால் இந்தச் சுவிஸ் மாகாணத்திலை தெரியாத தமிழ்ச்சனம் இல்லை. நான் குரல் எடுக்கிறனான். ஐயர் மந்திரத்துக்கு நடுவிலை இருமுறது, சங்கத் தலைவர் மைக்கைப் பிடிச்சால் விடாதது, எல்லாம் அச்சொட்டாச் செய்வன். அந்த ஆள் பக்கத்திலை நிக்கேக்கையே செய்வன். அதிலைதான் தம்பி கெட்டித்தனம். ஆள் போன பிறகு ஆரும் செய்வான்.

இப்ப பல்லுப் போனதாலை காத்துத்தான் வருது. நீர் குரலை நினைச்சுக்கொள்ளும்.

அத்தான் நடேசலிங்கம். ஹோட்டல் குசினியிலை பெரிய கோக்கி, தலைமைச் சமையல்காரன். நல்ல மனிசன், ஆனால் கோவக்காரன். ஒரே பிள்ளை ஆரபி. நான் அவையின்ரை வீட்டு மேலறையிலை பத்தொன்பது வருசமா இருக்கிறன். கலியாணம் கட்டேல்லை. நேரம் கிடைக்கேல்லை.

ஆரபி ஒரு சுவிஸ் பெடியனை விரும்பினாள். ரேத்தோ. தங்கமான பெடியன். தேப்பன் மலையிலை கேபிள்கார் ஓட்டுற ஆள், ஊர்ஸ் எண்டு பேர். அவையள் முதல் நாள் வீட்டை வந்து ரீ குடிக்கேக்கை, ரேத்தோன்ரை தாய் தும்மினா. சும்மா தும்மல் இல்லை, பூனையை மிதிச்ச மாதிரி ஒரு தும்மல். நான் விடுவனே? அவ கைலேஞ்சியை மடிச்சு வைக்க முந்தி நான் தும்மிக் காட்டினன். எல்லாரும் சிரிச்சவை. ஆரபி மட்டும் கோப்பையளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போட்டாள். பிள்ளைக்கு அண்டைக்கு வேலை கூட.

அப்பதான் ஊர்ஸ் சொன்னான், தங்கடை குடும்பத்திலை ஒரு வழக்கம் இருக்காம். கலியாணத்துக்கு முந்தி ரண்டு வீட்டுக்காரரும் மலை உச்சியிலை நிண்டு ஒண்டாச் சறுக்கி இறங்கி, கேபிள்காரின்ரை நடு ஸ்ரேசனுக்குப் பக்கத்திலை உள்ள மரவீட்டிலை மத்தியானச் சாப்பாடு. ஏலாத ஆக்கள் கேபிள்காரிலை போகலாம். "நீங்கள் சறுக்குவீங்களோ, மிஸ்ரர் நடேசலிங்கம்?" எண்டு கேட்டான்.

அத்தான் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுறார், "இருவது வருசமா."

தம்பி, நாலு வருசம். அதுவும் நீலப்பாதையிலை. இஞ்சை நீலம் எண்டால் லேசு, சிவப்பு எண்டால் நடுத்தரம், கறுப்பு எண்டால் சாவு. நீலத்திலை அத்தானைப் பாத்தால் ராசா. கையை விரிச்சுக்கொண்டு வளைஞ்சு வளைஞ்சு வருவார். சிவப்பின்ரை விளிம்பிலை கொண்டுபோய் விட்டீரெண்டால் முழங்கால் ரண்டும் பூட்டின மாதிரி. உச்சியிலை இருந்து மரவீட்டுக்கு இருக்கிறது சிவப்பு மட்டும்தான்.

ஆரபி அண்டைக்குத் தேப்பன்ரை கையைப் பிடிச்சாள். "அப்பா, நீங்கள் என்னோடை வருவீங்கள் என்ன? பள்ளிக்கூடத்திலை எல்லாற்றை அப்பாவும் வந்தவை. நீங்கள் ஒரு ஞாயிறும் வரேல்லை."

ஞாயிறு ஹோட்டலிலை சனம் கூட. அந்த மனிசன் எங்கை வாறது. அண்டைக்கு அவற்றை முகத்தைப் பாத்தன். வேலை முதலாளியைக் கேட்டு ஞாயிறை மாத்தினார். தை, மாசி, பங்குனி, மூண்டு மாசம் இருக்கு. கடைசி ஞாயிறு சாப்பாடு.

ஹோட்டல் லீவு எடுக்கிற புதன்கிழமையிலை மார்லீஸ் எண்டு ஒரு மனிசியிட்டைப் படிச்சார். அறுபத்தெட்டு வயசு, இடுப்பிலை தேமோஸ் போத்தல் கட்டிக்கொண்டு சறுக்கும். அவவின்ரை படிப்பைக் கேளும். "ஸ்கீ நுனியைப் பாக்காதே, போற இடத்தைப் பார். பயந்து மலைப்பக்கம் சாயாதே, பள்ளப்பக்கக் காலிலை பாரத்தைக் குடு. ஏலாட்டி பக்கவாட்டிலை வழுக்கி வழுக்கி இறங்கு, அதிலை ஒரு வெக்கமும் இல்லை. வாய்க்குள்ளை ஒரு பாட்டுப் பாடு, பாடுற ஆளாலை மூச்சை அடக்க ஏலாது." இது படிப்போ தம்பி? பாலர் வகுப்பு.

தை மாசம் முதல் ஞாயிறு நானும் கூடப் போனன். எனக்கு ஸ்கீ தெரியாது, தெரிய விருப்பமுமில்லை. சின்னப் பிள்ளையள் இருந்து சறுக்கிற சிவப்புப் பிளாஸ்ரிக் சட்டி ஒண்டைக் கையிலை வைச்சிருந்தன், சும்மா ஒரு ஸ்ரைலுக்கு. அத்தான் விளிம்பிலை நிண்டார். நிண்டார். நாப்பது நிமிசம் நிண்டார். அஞ்சு வயசுக் குஞ்சுகள் வரிசையா அவரைத் தாண்டிக் கொட்டுண்டு போகுது. எனக்கு விறைக்குது. ஒரு பகிடி விட்டன். அவற்றை குரலிலையே, "ஐயோ மார்லீஸ், என்ரை கால் எங்கை, நேற்றுக் குசினியிலை வைச்சனான், ஆரும் சூப்பிலை போட்டிட்டீங்களோ."

கையிலை ஊண்டுற ஸ்கீத் தடியை ஓங்கினார். நான் ஓடினன். பனியிலை எங்கை ஓடுறது? சட்டியை நிலத்திலை போட்டுக் குந்தினன், அது விளிம்பைத் தாண்டி அங்காலை பாஞ்சுது. சிவப்புப் பாதையிலை நான் சட்டியோடை போறன், பின்னாலை "நில்லடா நாயே" எண்டு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தால் அத்தான் வாறார். நேரா வாறார். வளையுறதும் இல்லை, ஒண்டும் இல்லை, வேட்டை நாய் மாதிரி வாறார்.

கீழை மெத்தை சுத்தின தூண் ஒண்டிலை நான் போய் அடிபட்டு மூக்காலை ரத்தம். அவர் வந்து தடியாலை முதுகிலை மூண்டு வைச்சார். நாலாவதுக்குத் தடி வளைஞ்சு போச்சு. பிறகு நிண்டு மூச்சு வாங்கினார். திரும்பி மலையைப் பாத்தார்.

"மச்சான், நான் உதாலையோ வந்தனான்?"

"ஓம் அத்தான்."

"விழேல்லையோ?"

"என்னிலைதான் விழுந்தனீங்கள்."

ரண்டு பேரும் பனிக்குள்ளை கிடந்து சிரிச்சம். என்ரை ரத்தம் பனியிலை, அவர் தன்ரை கைலேஞ்சியாலை மூக்கைப் பொத்திவிட்டார். தம்பி, அந்த மனிசனோடை நான் அப்பிடிச் சிரிச்சது அண்டைக்குத்தான் முதல் தரம்.

அதோடை கண்டுபிடிச்சம். கோவம் வந்தால் பயம் வராது. ஒப்பந்தம் என்னெண்டால் மேலை நான் ஏசுறது, கீழை அவர் அடிக்கிறது. மேலை ஏச்சு, கீழை அடி.

நல்லாத்தான் போச்சு. ரண்டாம் ஞாயிறு அவற்றை கார் லைசன்ஸ் கதை, அஞ்சு தரம் பெயில் விட்டவர். கீழை காதோடை ஒரு அறை, மூண்டு நாள் காதுக்குள்ளை வண்டு. மூண்டாம் ஞாயிறு அவற்றை ஆட்டிறைச்சிக் கறி தண்ணி எண்டன். முகத்தைப் பனிக்குள்ளை அமத்திப் பிடிச்சார், கண்ணுக்குள்ளை பூப்பூவாத் தெரிஞ்சுது. ஒருக்கா வழியிலை நிண்ட ஒல்லாந்துக்காரன் ஒருத்தனைத் தூக்கி எறிஞ்சிட்டு வந்தவர். அவன் பாவம் பிள்ளைக்கு மூக்குச் சீறிக்கொண்டு நிண்டவன். இன்னொருக்கா பனி அடிக்கிற மிசினிலை போய் மோதி, மிசின் அவரை அடிச்சுது, அவர் என்னை அடிச்சார். அக்கா என்ரை முதுகுக்கு எண்ணெய் பூசேக்கை கேப்பா, "ரண்டு பேரும் மலையிலை என்னடா செய்யிறியள்?" நான் சொல்லுவன், "பழகுறம் அக்கா."

எனக்குச் சந்தோசம். உண்மையாத்தான் சொல்லுறன். பத்தொன்பது வருசத்திலை அத்தான் ஞாயிறு காலமை என்ரை கதவிலை தட்டி "வாவன்ரா மச்சான், நீ இல்லாட்டி ஏலாது" எண்டு சொன்னவரே?

ஆனால் ஏச்சும் மருந்து மாதிரித்தான். பழகீட்டால் கேக்காது. மாசி முடிய லைசன்ஸ் எண்டால் கொட்டாவி விடுறார். நான் கூட்டினன். அவற்றை தேப்பன், அவற்றை தலை, கலியாணத்தண்டு தலைப்பாகை கழண்டு விழுந்தது. அடியும் கூடிக்கொண்டுதான் வந்துது, பொய் சொல்லக்கூடாது. ஒருக்கா தடியின்ரை கூரால் குத்தி, குளிர் ஜக்கெற், சுவெற்றர், பெனியன் மூண்டையும் தாண்டித் தோல் கிழிஞ்சது. அப்பவும் நான் நிப்பாட்டேல்லை. வேலை எண்டு வந்தால் நான் அப்பிடி.

கடைசி ஞாயிறு வந்துது. எல்லாரும் பதினொரு மணிக்கு உச்சியிலை சந்திக்கிறது எண்டு ஏற்பாடு. நாங்கள் ஒன்பதுக்கே போயிட்டம், ஒருக்கா இறங்கிப் பாக்க. நான் புது ஏச்சு நாலு யோசிச்சு வைச்சிருந்தன். முதலாவதை விட்டன். அத்தான் சிரிச்சார். ரண்டாவதை விட்டன். அதுக்கும் சிரிச்சார்.

"விடு மச்சான்," எண்டார். "இண்டைக்கு நீ கஸ்ரப்படாதை. புதன்கிழமை மார்லீசோடை நான் இதாலை ரண்டு தரம் இறங்கினனான். மெல்ல மெல்ல. பக்கவாட்டிலை. அவ சொன்னவ, நான் பாட்டுப் பாடினன் எண்டு. எனக்கே தெரியேல்லை."

"அப்ப நான்?"

"நீ கேபிள்காரிலை போய்க் கீழை ரீ குடி. உனக்கும் முதுகு நோ."

பாத்தீரே தம்பி. மூண்டு மாசம். ஆற்றை முதுகு? ஆற்றை மூக்கு? மார்லீஸ் ஒரு புதன்கிழமையிலை பேரைக் கொண்டுபோயிட்டா. எனக்கு அதிலை கோவம் ஒண்டும் இல்லை. நான் யோசிச்சது அவற்றை நன்மையை. மெல்ல மெல்லப் போனால் சம்பந்தி வீட்டாருக்கு முன்னாலை வடிவில்லை எண்டு யோசிச்சன். மருந்தைப் பெரிய அளவாக் குடுப்பம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்.

அவர் விளிம்பிலை ஸ்கீயைத் திருப்பி வைச்சு, தூரத்தைப் பாத்து, மூச்சு இழுத்தார். அந்த மூச்சு உள்ளுக்குப் போய் முட்டுற இடம் இருக்கெல்லே, அதிலை நான் ஆரபின்ரை குரலை எடுத்தன். எனக்கு அவளின்ரை குரல் தண்ணி பட்ட பாடு. அவள் பிறந்து அழுத அழுகையே எனக்கு வரும். மெல்லமா, ரெலிபோனிலை தாயோடை கதைக்கிற மாதிரி:

"அப்பா வேண்டாமம்மா. அவர் வந்தால் எல்லாரும் அவரைத்தான் பாப்பினம். எனக்கு அண்டைக்கு ஒரு நாளாவது வெக்கப்படாமல் இருக்கோணும்."

அத்தான் திரும்பேல்லை. நான் காத்துக்கொண்டு நிண்டன், சட்டியைத் தயாரா வைச்சுக்கொண்டு. இப்ப ஓங்குவார், இப்ப ஓங்குவார்.

அவர் குனிஞ்சு ஸ்கீயைக் கழட்டினார். டக். மற்றது. டக். பனியிலை குந்தினார்.

"எப்ப சொன்னவள்?"

"போன வெள்ளிக்கிழமை."

"சரி," எண்டார். "பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கிறாள். உன்ரை அக்காட்டைச் சொல்லு எனக்குச் சுகமில்லை எண்டு. நான் கேபிள்காரிலை வீட்டை போறன்."

கோவம் வரேல்லை தம்பி. கண்ணாலை தண்ணி வருது, அது அந்த ஸ்கீக் கண்ணாடிக்குள்ளை நிறையுது. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன், அது நிறையுறதை. என்ரை கணக்கிலை இது இல்லை. நேரம் பத்தரை. பதினொண்டுக்கு அவையள் வந்திடுவினம். அவர் ஒரு ஸ்கீயைக் கையிலை தூக்கிக்கொண்டு எழும்பி விளிம்போடை கேபிள்கார்ப் பக்கம் நடக்கத் தொடங்கீட்டார்.

நான் சட்டியோடை ஓடிப்போய் முன்னாலை நிண்டன். "அத்தான், பகிடி. அவள் அப்பிடிச் சொல்லேல்லை. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. சத்தியமா."

"பிள்ளை சொல்லேல்லையோ?"

"இல்லை அத்தான். உங்களுக்குக் கோவம் வரட்டும் எண்டு."

 எனக்கு அப்பவும் சிரிப்பு வரப் பாத்தது, பழக்கதோசம். அந்தச் சிரிப்புக்கு வாயைத் திறந்தன். அந்த நேரத்திலைதான் ஸ்கீ வந்துது. இடப் பக்கத்தாலை, ரண்டு கையாலையும், விறகு கொத்துற மாதிரி. என்ரை பல்லு பனியிலை விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பனியிலை சத்தம் கேக்காது எண்டு சொல்லுவீர். கேட்டது. ரண்டாவதுக்கும் ஓங்கினார். நான் பின்னாலை விழுந்தன், விழுந்தது கையாலை நழுவின சட்டிக்குள்ளை, சட்டி விளிம்பிலை.

தலைகீழாப் போறன் தம்பி. கால் மேலை, தலை பள்ளத்துப் பக்கம். வானம், ரத்தம், வானம், ரத்தம். ஒரு இடத்திலை சட்டி என்னை விட்டிட்டு தன்ரை பாட்டுக்குப் போட்டுது. நான் தோளாலை உருண்டன். "டொக்" எண்டது காறை எலும்பு. பாதை ஓரத்திலை கட்டின பாதுகாப்பு வலைக்கு நாலு முழம் முன்னாலை போய் நிண்டன். வலைக்கு அங்காலை பாறைதான்.

மேலை இருந்து சத்தம். "மச்சான், அசையாதை. அசையாதையடா, வாறன்."

நான் கண்ணை மூடினன், மிச்ச அடிக்கு. ஆனால் வாற சத்தம் வேற மாதிரிக் கிடந்துது. சரக், நிப்பு. சரக், நிப்பு. கண்ணைத் திறந்து பாத்தால், அத்தான் ஸ்கீ ரண்டையும் திரும்பப் பூட்டிக்கொண்டு, அந்தச் சுவர் மாதிரிச் சரிவிலை பக்கவாட்டா வழுக்கி, ஒரு வளைவு, திரும்ப வழுக்கி, மற்றப் பக்கம் ஒரு வளைவு. அவசரமில்லை. நுனியைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டு வாறார். பக்கத்திலை வந்து நிண்டு, ஸ்கீயைக் கழட்டி, எனக்கு மேற்பக்கத்திலை ரண்டையும் குறுக்கை குத்தினார். இஞ்சை அதுதான் வழக்கம், கீழை ஆள் கிடக்கு, விலத்திப் போ எண்டு. ஒண்டிலை என்ரை ரத்தம். பிறகு முழங்காலிலை இருந்து என்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

அந்த நேரம் பாத்து மேலை இருந்து வருகினம், ரேத்தோ, தேப்பன், தாய், ஆரபி. சறுக்கி வந்து சுத்தி நிண்டிச்சினம். ஊர்ஸ் கேட்டான், என்ன நடந்தது எண்டு. அத்தான் வாயைத் திறந்தார். நான் முந்தீட்டன். "விழுந்தனான்" எண்டன். வாய்க்குள்ளை பல்லும் ரத்தமும், அவனுக்கு விளங்கினதோ தெரியாது. ரேத்தோன்ரை தாய்க்கு ரத்தத்தைக் கண்டதும் தும்மல் வந்துது. அதே பூனைத் தும்மல். எல்லாரும் என்னைப் பாத்தவை, நான் செய்து காட்டப் போறன் எண்டு. ஏலாமல் போச்சு.

ஆரபி குனிஞ்சு என்ரை கன்னத்தைத் தடவினாள். "மாமா, ஒண்டும் கதையாதேங்கோ. ஒரு சொல்லும் கதையாதேங்கோ" எண்டாள். எவ்வளவு பாசம், பாரும்.

மீட்புக்காரர் தொட்டில் மாதிரி ஒரு வண்டில் கொண்டுவந்து என்னைக் கட்டினவை. அப்பிடியே சிவப்புப் பாதை முழுக்க இறங்கினன். வலப் பக்கம் அத்தான், இடப் பக்கம் ஆரபி, ரண்டு பேரும் வளைஞ்சு வளைஞ்சு வருகினம். தகப்பன் வளையேக்கை மகள் வளையுறாள். பாதி வழியிலை ஒரு பாட்டுச் சத்தம் கேட்டுது, வாய்க்குள்ளை முணுமுணுக்கிற மாதிரி. முதல் ஒரு குரல். பிறகு ரண்டு குரல். எனக்குத் தலையைத் திருப்ப ஏலாது, கட்டியிருக்கு. வானத்தைத்தான் பாத்துக்கொண்டு வந்தன். என்னை ஆசுப்பத்திரிக்கு ஏத்தினாப் பிறகு அவையள் சாப்பிடப் போனவை. ஊர்ஸ் அத்தானைக் கட்டிப்பிடிச்சு, இருவது வருசப் பழக்கம் தெரியுது எண்டவனாம்.

அத்தான் பின்னேரம் வந்து கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தார். "உந்தக் கதையை எங்கையடா எடுத்தனீ?" எண்டு கேட்டார். நானே கட்டினது எண்டன்.

தம்பி, நீர் ஆரோ நான் ஆரோ, அதாலை சொல்லுறன். நான் கட்டேல்லை. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் படியிலை நிக்கேக்கை அக்கா குசினியிலை ரெலிபோனை ஸ்பீக்கரிலை போட்டு ஆரபியோடை கதைச்சவ. அவள் சொன்னது சொன்னபடிதான். ஒரேயொரு சொல்லைத்தான் மாத்தினனான். அவள் சொன்னது, "மாமா வேண்டாமம்மா" எண்டு. அந்த இடத்திலை "அப்பா" எண்டு போட்டன். மற்றதெல்லாம் பிள்ளையின்ரை சொந்த வசனம். அதாலைதான் அவ்வளவு திறமா வந்தது. அவள் அது பகிடிக்குச் சொன்னது. பிள்ளைக்கு என்னிலை நல்ல விருப்பம்.

கலியாணம் ஆவணியிலை. இப்ப ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவும் மகளும் மலைக்குப் போகினம். பின்னேரம் மூக்கு நுனி கறுத்து வருவினம், சிரிச்சுக்கொண்டு. என்ரை கதவிலை ஒருத்தரும் தட்டுறேல்லை. என்னத்துக்குத் தட்டுறது, வேலை முடிஞ்சுதெல்லே. என்ரை முறை வெற்றி தம்பி, அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

பல்லுக் கட்ட அடுத்த மாசம் திகதி தந்தவை. போன கிழமை ஆரபி வந்து எனக்குப் பக்கத்திலை இருந்தாள், கனகாலத்துக்குப் பிறகு. "மாமா, பல்லைக் கலியாணத்துக்குப் பிறகு கட்டலாமே? அவசரமில்லைத்தானே?" எண்டாள். நான் அவளைப் பாத்தன். அவள் என்ரை சேட்டுப் பொத்தானைப் பாத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளை கிழவன் அடங்கீட்டான். இந்தா, நேர்ஸ்பிள்ளை கதவைத் திறந்து என்ரை பேரைச் சொல்லுறாள். கேட்டீரே, "குகா-தா-சான்" எண்டு, மூண்டு துண்டா. முந்தியெண்டால் இப்ப நீர் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சிருப்பீர்.

இல்லைத் தம்பி, பல்லுக் கட்ட இல்லை. ரெலிபோனிலை நான் கதைக்கிறது இவளுக்கு விளங்குதில்லை, அதுதான் நேரை வந்தனான். திகதி மாத்த. புரட்டாசிக்கு.